பெர்த் கரையில் ஒரு பேர் வாசிப்பு

1

"காகிதம் இல்லேன்னா உங்க ஆளுங்க இங்க வந்ததே இல்லைன்னுதான் அர்த்தம்."

எனக்குப் பதினேழு வயது. நர்ஸிங் படிப்பில் சேர ஒரு பூர்வீகச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்காகப் போன அலுவலகத்தில் ஒரு கிளார்க் மலையாளத்தில் இதைச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே, இன்று மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கேரளத்தில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது. என் பூட்டன் சுடலைமுத்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியின் பின்னால் மலையேறி நடந்து வந்தவர். எங்களுக்கு நிலம் கிடையாது. குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடும் எஸ்டேட்டுடையது. பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். எங்களிடம் காகிதம் எப்படி இருக்கும்?

அம்மா அன்று வேலைக்குப் போகாமல் என்னை எஸ்டேட் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய செக்ரோல் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். செக்ரோல் என்பது தினமும் காலையில் பேர் வாசிக்கிற புத்தகம். மஞ்சளாகிப்போன ஒரு பக்கத்தில் 'சுடலைமுத்து' என்று இருந்தது. அதற்கு நேரே, யாருடைய ஆள் என்ற இடத்தில், கங்காணியின் பெயர். அப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ எழுதவில்லை.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் இரண்டு முறை பார்த்தார். முத்திரை குத்திவிட்டு, "சரி, இப்ப வந்துட்டீங்க" என்று சிரித்தார். அன்று அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தது. இன்று அவருக்கும் நன்றி சொல்வேன். எங்கள் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கிறது என்பதே அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த்துக்கு வந்து இது ஆறாவது வருடம். ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் வடக்கே சுரங்கத்தில் வேலை செய்கிறார், இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். மகள் நிலாவுக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. "தட்டைக் கழுவி வை" என்றால் கழுவிவிட்டு, "டன்" என்பாள்.

இங்கே மலையாளிகள் சங்கம் இருக்கிறது, தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. மலையாளிகளுக்கு நான் தமிழத்தி. தமிழர்களுக்கு நான் கேரளாக்காரி. அதிர்ச்சியில் என் வாயிலிருந்து முதலில் வருவது "எந்தா?" என்கிற மலையாளம்தான், அதனால் தமிழ்ச் சங்கத்தில் என்னை நம்பச் சற்று நாளாயிற்று. ஓணத்துக்கும் இலை போடுகிறார்கள், பொங்கலுக்கும் போடுகிறார்கள். எனக்கு நஷ்டமில்லை.

போன வருடம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் லலிதா மாமி என்னைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியை நடத்துவது மாமிதான். பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள், இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. நான் வந்த புதிதில், இடுப்பில் நிலாவோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தவளைக் காரில் ஏற்றிக்கொண்டவள். அன்றிலிருந்து ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறாள்.

"செல்வி, பொங்கல் விழாவுக்குக் கொழந்தைகள் நாடகம் ஒண்ணு வேணும், கேட்டயா. பத்து நிமிஷம். சோழா கப்பல் ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? இதாக்கும் விஷயம். நீதான் எழுதணும்."

"நானா மாமி? நான் நர்ஸு."

"நீ நம்ம ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல எழுதற தமிழை நான் பாத்திருக்கேன். அளக்காதே."

எனக்கு ஒரே பெருமை. எஸ்டேட்டில் ஓடுபோட்ட தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், மழைச் சத்தத்தில் வாத்தியார் குரலே கேட்காத வகுப்பில் படித்த தமிழ் அது. அந்தத் தமிழை எழுதச் சொல்லி ஒருவர் கேட்கிறார். அதே வாரம் அம்மாவுக்கு விசா விண்ணப்பம் போட்டேன். பொங்கலுக்கு அவள் இங்கே இருக்கவேண்டும். நான் எழுதியதை மேடையில் பார்க்கவேண்டும்.

3

அம்மாவின் பெயர் பேச்சியம்மாள். முப்பத்து நான்கு வருடம் கொழுந்து எடுத்தவள். அவளுக்கு விசா வாங்குவது என் சான்றிதழைவிடப் பெரிய கதை. பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த தேதி, ரேஷன் கார்டில் வேறொன்று. முகவரிக் கட்டத்தில் 'ஏழாம் நம்பர் லயம், நாலாவது வீடு' என்று எழுதினால் கணினி ஏற்கவில்லை. தெருப் பெயர் கேட்டது.

வீடியோவில் அம்மாவிடம் கேட்டேன். "நம்ம லயத்துக்கு முன்னாடி போற பாதைக்கு ஏதும் பேரு இருக்காம்மா?"

"பேரா? பாதைன்னுதான் சொல்லுவோம்."

"இங்க கட்டாயம் வேணுமாம்."

"அப்ப உன் பேரப் போடு. நீதான அதுல நடந்து நடந்து படிச்ச."

நான் 'மெயின் ரோடு' என்று போட்டேன்.

4

நாடகத்தை எழுத உட்கார்ந்ததும் கை நிற்கவில்லை. கடாரம் வரை போன கப்பல்களுக்குத் தெற்கே இன்னும் சில வாரப் பயணம் பெரிய விஷயமா? காற்று மட்டும் மாறியிருந்தால் போதும். பெர்த்தின் ஸ்வான் ஆற்று முகத்துவாரத்தில் புலிக்கொடி ஏறியிருக்கும். இங்கே கோடையில் எல்லாம் காய்ந்துபோகும், ஆகவே முதலில் ஏரி வெட்டியிருப்பார்கள். மதகு வைத்திருப்பார்கள். கருங்கல் கோயில் எழும்பியிருக்கும். தூண்களில் யாளி இருக்கிற இடத்தில் சிற்பிகள் கங்காருவைச் செதுக்கியிருப்பார்கள், வயிற்றுப் பையில் குட்டியோடு. ஆற்றில் நீந்துகிற கறுப்பு அன்னத்தைப் பார்த்துப் புலவர்கள் திகைத்திருப்பார்கள். அன்னம் என்றால் வெள்ளை என்றல்லவா அதுவரை பாடியிருந்தார்கள்?

இன்றைக்கு லண்டனிலிருந்து ஒரு நர்ஸ் இங்கே வேலைக்கு வர வேண்டுமானால் தமிழ்த் தேர்வு எழுதவேண்டியிருக்கும். 'வாழைப்பழம்' சொல்லத் தெரியாமல் மூன்று முறை தோற்றுப்போவாள். நான் ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதியவள். இந்த இடத்தை எழுதும்போது தனியாக உட்கார்ந்து சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை எழுதினேன். அவர்கள் எங்கே தங்குவார்கள், காலையில் எப்படி எழுந்திருப்பார்கள் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. எழுதி முடித்து மாமிக்கு அனுப்பினேன்.

5

மாமி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அதைப் படித்தோம். மாமி மோர்க்குழம்பைக் கிளறிக்கொண்டே சத்தமாக வாசித்தாள். கங்காருத் தூணுக்குச் சிரித்தாள். வாழைப்பழத்துக்கு அடுப்பையே அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"'ஒரே நீளச் சுவர். பத்து வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குடும்பம்.' பேஷ். எங்க கல்பாத்தி மாதிரியே எழுதியிருக்கியே. எங்காத்துச் சுவரும் அடுத்தாத்துச் சுவரும் ஒண்ணாக்கும். இங்கே தாளிச்சா அங்கே தும்முவா."

மாமி தொடர்ந்து வாசித்தாள்.

"'விடியும்போது சங்கு ஊதுகிறது. எல்லாரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஒருவர் பேர் வாசிக்கிறார்...' செல்வி, இதென்ன? கோயில் சங்கா?"

"இல்ல மாமி. ஃபாக்டரி சங்கு."

"சோழா காலத்துல ஃபாக்டரி ஏதுடி?"

அப்போதுதான் நான் எழுதியதை நானே பார்த்தேன். ஏரி, மதகு, கோயில், புலிக்கொடி எல்லாம் பாடப் புத்தகத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒரு கூட்டம் புது மண்ணில் வந்து இறங்கினால் எப்படி வாழும் என்று நினைத்தவுடன், என் மனதுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் பின்னால் நடந்து வருவது, நீளச் சுவர், காலைச் சங்கு, பேர் வாசிப்பு. சோழர் குடியேற்றம் என்று நினைத்துக்கொண்டு நான் எங்கள் எஸ்டேட்டை எழுதி வைத்திருக்கிறேன்.

"இது லயம் மாமி" என்றேன். "உங்க சுவர் உங்களோடது. எங்க சுவர் எஸ்டேட்டோடது. வேலை முடிஞ்சா சுவரும் முடிஞ்சுது, காலி பண்ணணும். தம்பி அங்கேயே வேலைக்குச் சேர்ந்ததாலதான் அம்மா இன்னும் அதே வீட்டுல இருக்கா."

மாமி தாள்களை மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

"நான் கல்பாத்தின்னு நெனச்சுண்டேன்" என்றாள்.

"நானும் சோழருன்னுதான் நெனச்சுக்கிட்டேன்."

சிரித்தோம். ஆனால் சிரிப்பு முடிந்ததும் மாமி விஷயத்துக்கு வந்தாள். "இதை மாத்திடு செல்வி. சங்கத்துக் கமிட்டிக்காரா ஒத்துக்க மாட்டா. பொங்கலும் அதுவுமா பெருமையா ஒண்ணு வேணும்னு கேட்டிருக்கா. இதைப் பாத்தா நாடகமே வேண்டாம்னுடுவா. உங்கம்மா அத்தனை தூரத்துலேர்ந்து வராளே, அவ எதைப் பாக்கறது?"

மாமி சொன்னதில் தப்பில்லை. சுவரையும் சங்கையும் எடுத்துவிட்டால் நாடகம் நிச்சயம் நடக்கும். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவாள். எடுக்காவிட்டால் நாடகமே இல்லாமல் போகலாம். ஒரு வாரம் டைம் கேட்டேன்.

6

அந்த வாரம் எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன.

முதல் கேள்வி அம்மாவிடமிருந்து. கதையை வீடியோவில் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எத்தன நாளு கப்பல்ல வந்தாக?"

"ரெண்டு மாசம் வச்சுக்கயேன்."

"அடுப்ப எங்க வச்சாக?"

"என்னது?"

"ராசா வந்தாரு, படை வந்துச்சுங்கிற. ரெண்டு மாசம் பட்டினியாவா வந்தாக? அம்புட்டு பேருக்கும் ஆரு பொங்கிப்போட்டா? அவளுக ஏறுனத நீ எழுதவே இல்லயே."

ஏரியை வெட்டியவர்கள் யார், கருங்கல்லை உருட்டியவர்கள் யார் என்று பிறகு நானே கேட்டுக்கொண்டேன். ஏரிக்கு நிலம் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். மண் சுமந்தவள் பெயரை எந்தக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை. எங்கள் செக்ரோலாவது பரவாயில்லை. சுடலைமுத்து என்று எழுதியது.

இரண்டாவது கேள்வி நிலாவிடமிருந்து. அவளுடைய பள்ளியில் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இந்த மண்ணுக்கு உரிய நூங்கார் மக்களுக்கு வணக்கம் சொல்வார்கள். கதையைச் சொன்னதும் அந்தப் பழக்கத்தில் கேட்டாள், ஆங்கிலத்தில்தான்: "கப்பல்ல வந்தவங்க, இங்க இருந்தவங்ககிட்ட கேட்டாங்களா?"

"எதைக் கேக்கணும்?"

"வரலாமான்னு."

எங்கள் மலையிலும் தேயிலைக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். தேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் காட்டு மக்கள். அவர்களுடைய காட்டில்தான் எஸ்டேட் வந்தது, எஸ்டேட்டுக்காக நாங்கள் வந்தோம். எங்களை யாரும் கேட்டுக் கூட்டிவரவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை. இப்போது விமானத்தில் ஏறி இங்கே வந்திருக்கிறேன். நல்ல வேலை, வரிசையில் நிற்காமலே கிடைக்கிற மரியாதை. இந்த ஊருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அந்த நன்றியில் ஒரு பங்கு யாருக்குப் போகவேண்டும் என்பதை எட்டு வயதுக்காரி சொல்லித்தான் யோசித்தேன்.

சனிக்கிழமை மாமியிடம் போய்ச் சொன்னேன். "மாத்தலை மாமி. இன்னும் ரெண்டு சேர்த்திருக்கேன். கப்பல்ல ஒரு அடுப்பு. கரையில ஒரு கேள்வி. பெருமை எல்லாம் அப்படியே இருக்கு, கங்காருத் தூணும் இருக்கு. ஆனா பேர் வாசிப்பை எடுக்க மாட்டேன். வேண்டாம்னு சொன்னா பரவாயில்ல, நிலாவும் நானும் வீட்டுல அம்மாவுக்கு நடிச்சுக் காட்டிக்கிறோம்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குத் திமிர் ஜாஸ்தியாக்கும்."

"ஆமா மாமி."

"கமிட்டிகிட்ட நான் பேசறேன். பொங்கலே உழைச்சவாளுக்குத்தானேன்னு கேக்கறேன். என்ன பதில் சொல்றா பாப்போம்."

என்ன பேசினாளோ தெரியாது. பத்து நிமிடம் பன்னிரண்டு நிமிடமாகி நாடகம் நிகழ்ச்சி நிரலில் ஏறியது.

7

அம்மா ஜனவரி முதல் வாரத்தில் வந்தாள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. வெளியே நாற்பது டிகிரி. "வெளிநாடுன்னா குளிரும்னுல்ல சொன்னாக" என்றாள். அவள் முதலில் போய் நின்றது கடலுக்கு முன்னால் இல்லை, பக்கத்து வீட்டு வேலிச் செடியின் முன்னால். "இத ஒழுங்கா கவாத்து பண்ணலயே" என்று குறைபட்டாள். மறுநாள் அந்த வீட்டுக்காரர் அனுமதியோடு கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். இப்போது அந்த வேலி எங்கள் எஸ்டேட் தேயிலைபோல மட்டமாக நிற்கிறது.

பொங்கல் விழா ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. மாமி அம்மாவை முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் எந்தத் தமிழில் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நிறுத்தவே இல்லை.

கப்பல் வந்தது. அட்டையில் செய்த கப்பல். ராஜாவாக நடித்த பையனின் மீசை ஒரு பக்கம் தொங்கியது. கப்பலின் நடுவில் அடுப்பும் பானையும் இருந்தன, அதன் முன்னால் நிலா அகப்பையோடு நின்றாள். இளவரசி வேடம் கொடுத்தும் வேண்டாம் என்று சமையல்காரியாகிவிட்டாள், ஏனென்றால் அகப்பை அவளிடம்தான் இருக்கும். கரையை நெருங்கியதும் எல்லாரும் நின்றார்கள். நிலாதான் கேட்டாள், தமிழில்: "நாங்க வரலாமா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. இந்த மண்ணின் மக்களைப்போல எங்கள் குழந்தைகள் வேடமிட வேண்டாம் என்று மாமியும் நானும் பேசி முடிவு செய்திருந்தோம். அந்தப் பதில் எங்களுடையது இல்லை.

பிறகு காட்சி மாறியது. பத்து வாசல் வரைந்த நீளத் திரை. சங்கு ஊதியது. குழந்தைகள் வரிசையில் வந்து நின்றார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு பெண் குழந்தை புத்தகத்தை விரித்துப் பேர் வாசித்தாள். அந்தப் பெயர்களை எங்கள் செக்ரோலிலிருந்தும் லயத்திலிருந்தும் எடுத்திருந்தேன்.

"சுடலைமுத்து."

"இருக்கேன்."

"மாடத்தி."

"இருக்கேன்."

"பேச்சியம்மா."

மேடையில் இருந்த குழந்தை வாயைத் திறப்பதற்குள் அரங்கத்திலிருந்து குரல் வந்தது.

"இருக்கேங்கய்யா."

அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். சங்கு ஊதி, பேர் வாசித்தால், உடம்பு எழுந்துவிடும். நின்ற பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. பின் வரிசைகளில் யாரோ சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரப் போனாள்.

மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் எழுந்து நின்றாள். தலைப்பாகைக் குழந்தை என்ன செய்வது என்று தெரியாமல் திரை ஓரம் நின்ற என்னைப் பார்த்தது. நான் தலையசைத்தேன். அது புத்தகத்தில் பேனாவால் ஒரு குறி போட்டது, பேச்சியம்மா வந்துவிட்டாள் என்று.

அப்போது யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அம்மா, "எல்லாரு முன்னாலயும் உன்ன அசிங்கப்படுத்திட்டேனாட்டி?" என்றாள்.

"இல்லம்மா. நான் எழுதுனதுல அந்த ஒரு வரிதான் சரியா வந்துச்சு. அதையும் நீதான் சொன்ன."

"ஆமா, ராசாவுக்கு மீசைய நல்லா ஒட்டியிருக்கலாம்" என்றாள் அம்மா.

8

பதினேழு வயதில் எனக்குப் பிடித்த பாடம் வரலாறு. வாய்விட்டுச் சொன்னதில்லை. நர்ஸிங் படித்தால் குடும்பம் லயத்தைத் தாண்டும் என்று அம்மா நினைத்தாள், அது சரியாகத்தான் இருந்தது. அந்தப் படிப்புதான் என்னை இங்கே கொண்டுவந்தது, அந்தச் சீருடையை நான் பெருமையோடுதான் போட்டுக்கொள்கிறேன். அந்த வேலை நிற்கப்போவதில்லை.

ஆனால் பொங்கல் முடிந்த வாரத்தில் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் படிப்புக்கு, பகுதி நேரமாக, விண்ணப்பம் போட்டேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்ட கட்டத்தில், என் பூட்டன் பெயர் ஒரே ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது, மீதிப் பேரைத் தேட வேண்டும் என்று எழுதினேன். கணினி இந்தமுறை எதையும் மறுக்கவில்லை. இடம் கிடைத்தது. மேலாளரிடம் செவ்வாய்க்கிழமை ஷிப்டை மாற்றிக் கேட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் மாற்றித் தந்தார்.

போன செவ்வாய் முதல் வகுப்பு. நிலாவை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மாவின் விசாவில் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வகுப்பில் இருபது பேர் இருப்போம், எல்லாரும் என்னைவிட இளையவர்கள். ஆசிரியை பட்டியலை எடுத்துப் பேர் வாசித்தார். என் முழுப் பெயருக்கு வந்ததும் தயங்கினார், எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "முத்து... செல்வி?" என்றார்.

மற்றவர்கள் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கியிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"இருக்கேன்" என்றேன்.